ஒரு வருஷம் விட்டால் என்ன?

கேள்வி: வயநாடு நிலச்சரிவில் வீடு, உறவு எல்லாம் இழந்த பிள்ளைகளை ஒரே மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, அதற்கு விழா வேறு எடுத்தார்கள். ஒரு வருஷம் சும்மா விட்டால்தான் என்ன?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: விழா விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் மேடையும் மைக்கும் எதற்கு? ஆனால் சும்மா விடுவதென்றால் எங்கே விடுவது? 2024 ஜூலை 30 விடிவதற்குள் முண்டக்கையும் சூரல்மலையும் போய்விட்டன. அப்புறம் முகாம்களையும் காலி செய்து, குடும்பங்களை ஆளுக்கொரு பக்கம் வாடகை வீடுகளுக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுச் சிநேகிதி இப்போது வேறு ஊரில். அவளைத் தினமும் பார்க்க வேண்டுமென்றால் வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. செப்டம்பர் 2 அன்று மேப்பாடியில் திறந்தது அதைத்தான். சூரல்மலையில் இருந்த வெள்ளார்மலைப் பள்ளியைக் கலைத்து நாலு பள்ளிகளில் கரைத்துவிடாமல், கட்டடத்தை மட்டும் இரவல் வாங்கி அதே பெயரில் நடத்தினார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

அவசரப்படக் கூடாதது பாடத்தில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு வேதாரண்யம் பக்கம் போயிருந்தேன். சாய்ந்து கிடந்த தென்னை மேல் அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒட்டிப்போன தாள்களை ஊதி ஊதிப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஓர் எட்டாம் வகுப்புப் பெண். அவள் வாத்தியாருக்கோ போர்ஷன் முடியவில்லையே என்று கவலை! தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்தாலே வாசலுக்கு ஓடுகிற பிள்ளையிடம் ஒளிச்சேர்க்கை எடுபடுமா? கொஞ்ச நாள் விளையாடட்டும், படம் வரையட்டும், சத்துணவைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். சீருடை எங்கே, டி.சி. எங்கே என்ற பேச்சே வேண்டாம். அப்புறம், வருகைப் பதிவேட்டில் இனி 'உள்ளேன் ஐயா' சொல்ல ஆளில்லாத பெயர்கள் இருக்கும். அவற்றை என்ன செய்வதென்று ஆசிரியர்கள் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் விட்டால் என்ன ஆகும்? தோப்பு போன வீட்டுப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் யார் போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

கஜாவில் உங்கள் பக்கமும் பள்ளிக்கூடங்கள்தானே முகாம்? அவற்றில் எத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை, திறந்த பிறகு எத்தனை பிள்ளைகள் திரும்பவில்லை என்று தலைமையாசிரியர்களிடம் கேட்டு எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.