பழைய போர்ஷே 944: தேய்ந்த தோல் சீட்டை மீட்க முடியுமா?

1980களின் போர்ஷே 944 காரில் ஓட்டுநர் சீட்டின் வெளி விளிம்பு வெளுத்து, மெல்லிய வெடிப்பு விட்டிருக்கிறது, சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். ஏறி இறங்கும்போதெல்லாம் தொடை உரசும் இடம் அது. அங்கே முதலில் போவது மேலுள்ள நிறப்பூச்சு. தோல் அடியில் இன்னும் இருக்கும்.

அதனால் தோலை மென்மையாக்கும் கண்டிஷனரை அள்ளிப் பூசிப் பயனில்லை, போன நிறம் திரும்பாது. லெதர் கிளீனரால் அழுக்கை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பிசுக்கை முழுக்கத் துடையுங்கள். இதில் அவசரப்பட்டால் புதுப்பூச்சு பிறகு உரிந்து வரும். 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெடிப்பில் லெதர் ஃபில்லரை (வெடிப்பை நிரப்பும் பசை) மெல்லிசாக, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தடவுங்கள். பிறகு ஸ்பாஞ்சால் தோலுக்கான நிறப்பூச்சு, கடைசியாகப் பளபளப்பில்லாத (மேட்) மேல்பூச்சு.

தையல் இற்றிருந்தால் சீட் தைப்பவரிடம் அந்தத் துண்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அசல் தோலை மொத்தமாகக் கழற்றிவிடாதீர்கள்.