மண் தடத்தில் மோட்டார் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மண்பாதைக்கும் ஏற்றது என்று சொல்லப்படும் 200 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். டிரையல்ஸ், மோட்டோகிராஸ், எண்டியூரோ, ராலி என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. இவற்றுக்குள் என்ன வேறுபாடு? நான் எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகர், ஓசூர்)

பதில்: தார்ச் சாலையை விட்டு இறங்கியதும் டயரின் பிடிமானம் கணத்துக்குக் கணம் மாறத் தொடங்குகிறது. மணல் முன்சக்கரத்தை விழுங்கப் பார்க்கும், சேறு வழுக்கும், உருளைக்கல் ஹேண்டில்பாரைப் பிடுங்கும். இந்த நிலையற்ற தரையின் மேல் ஓட்டுநரிடம் எதைச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பிரிவுகள் பிறந்திருக்கின்றன.

டிரையல்ஸ் சோதிப்பது சமநிலையை. 1909இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் இவ்வகையின் மிகப் பழைய போட்டிகளுள் ஒன்று. பாறை, ஓடை, மரக்கட்டை என்று குறிக்கப்பட்ட சிறு பகுதிகளைக் காலூன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை காலூன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் 3, விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5 எனத் தண்டப் புள்ளிகள் சேரும். மிகக் குறைவாகப் பெற்றவரே வெற்றியாளர். வண்டியின் எடை ஏறத்தாழ 70 கிலோ; உட்கார இருக்கையே இராது. ஸ்பெயினின் டோனி போ 2007 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் இதன் திறந்தவெளி உலகப் பட்டத்தை வென்றார் என்பது எந்த விளையாட்டிலும் காண்பதற்கரிய சாதனை என்பேன்.

மோட்டோகிராஸ் இந்த டிரையல்ஸிலிருந்து பிரிந்த கிளைதான். 1924 மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் ஒரு மன்றத்தினர் நடுவர் புள்ளியிடும் பகுதிகளை நீக்கிவிட்டு, முதலில் வந்து சேர்பவரே வெற்றியாளர் என்று ஒரு போட்டி வைத்தனர். அதை டிரையல் என்று அழைக்க அனுமதி கிடைக்காததால் ‘ஸ்கிராம்பிள்’ என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் பிரெஞ்சு மொழி வழியாக வந்த மோட்டோகிராஸ் என்ற பெயரே நிலைத்தது. மூடிய மண் தடத்தில் அனைவரும் ஒரே வரிசையில் புறப்பட்டு, மேடுகளில் பறந்து இறங்கிச் சுற்றுகளை முடிக்கிறார்கள். அந்த இறக்கத்தின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே சஸ்பென்ஷன் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் வரை அமுங்கும்படி அமைக்கப்படுகிறது. சாலைக்குரிய விளக்கு இல்லை. இதையே விளையாட்டரங்குக்குள் மண் கொட்டி நடத்தினால் சூப்பர்கிராஸ். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் நடந்து இவ்வகைக்கு வித்திட்ட போட்டியை வென்ற மார்ட்டி டிரைப்ஸுக்கு அப்போது வயது 16.

எண்டியூரோவில் தடம் மூடியதன்று. காடும் மலையும் கிராமத்துப் பாதையுமாக நாள் முழுவதும் நீளும். 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய பன்னாட்டு ஆறு நாள் டிரையல், 1981 முதல் எண்டியூரோ என்ற பெயரோடு நடக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, வண்டியைப் பழுது பார்ப்பவரும் ஓட்டுநராகவே இருக்க வேண்டும் என்பது. ஆறாம் நாள் மாலை களைத்த கைகளோடு அவரே டயர் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் மேல் மதிப்பு கூடாமல் இராது. இதன் மிகக் கடினமான வடிவத்தை ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் காணலாம்.

ராலி ரெய்டு பாலைவனத்தில் வழி கண்டுபிடிக்கும் போட்டி. 1977இல் லிபியப் பாலைவனத்தில் வழி தவறிப் பிழைத்து வந்த தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து செனகலின் டக்கார் நகருக்கு முதல் போட்டியைத் தொடங்கி வைத்தார். 500 சிசி யமஹாவில் சென்ற சிரில் நெவூ அதை வென்றார். பெயர் டக்கார் என்றே நிலைத்தாலும், 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவில் நடந்தது, 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. உங்கள் ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோவுடன் சேர்ந்து அமைத்த அணியில் ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா, 2024 டக்காரில், முதல்நிலைப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவை வென்றார்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், தயங்காமல் டிரையல்ஸ் பயிற்சியிலிருந்து என்பேன். அதற்கெனத் தனி வண்டி வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பதே போதும்.

கேள்வி: மெதுவாக ஓட்டிப் பழகுவதால் என்ன பயன்? எப்படிப் பழகுவது? (வாசகர், சேலம்)

பதில்: வேகமாகப் போகும்போது ஓட்டத்தின் வேகமே வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கும், ஓட்டுநரின் பிழைகள் அதில் மறைந்துவிடும். நடை வேகத்தில் அந்த உதவி குறைவதால் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், பின் பிரேக் ஆகிய மூன்றையும் ஒத்திசைத்தால்தான் வண்டி நிற்காமலும் சாயாமலும் நகரும். காலி மைதானத்தில் முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடி எட்டு வடிவில் சுற்றுங்கள். பார்வை முன்சக்கரத்தின் மேல் இருக்கக் கூடாது. அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு நின்றுகொண்டு ஓட்டப் பழகுங்கள். உட்கார்ந்திருக்கும்போது உடலின் எடை இருக்கையில் இறங்கும்; நிற்கும்போது ஃபுட்ரெஸ்ட் வழியாகத் தாழ்வான இடத்தில் இறங்குவதோடு, முழங்காலும் கணுக்காலும் இன்னொரு சஸ்பென்ஷனாக வேலை செய்கின்றன. முழங்கால்களால் டேங்க்கை இறுக்கி, கைகளைத் தளர்வாக விடுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும்.

மண்ணில் டயரின் காற்றைக் குறைத்தால் அது தரையில் அகலமாகப் படிந்து பிடி கூடும். டியூப் உள்ள டயரில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். சாலைக்குத் திரும்புமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி இருந்தால் தளர்ந்த மண்ணில் அணைத்து வையுங்கள்; பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து, அந்தக் குவியலின் உதவியாலேயே விரைவில் நிற்கும்.

கேள்வி: 19 வயது மகன் டர்ட் பைக் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். எனக்கு அச்சமாக இருக்கிறது. (தாய், கோயம்புத்தூர்)

பதில்: தங்கள் அச்சம் நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். 2015இல் டக்காரை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், 2021 போட்டியில் விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. அத்தகைய அனுபவசாலிக்கே அது நேர்ந்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். அதே வேளையில், போக்குவரத்து இல்லாத மைதானத்தில், பயிற்றுநரின் கண்காணிப்பில், குறைந்த வேகத்தில் பழகுவதில் எதிரே வரும் லாரி என்ற பெரிய ஆபத்து இல்லை.

வண்டிக்குச் செலவிடுமுன் பாதுகாப்பு உடைக்குச் செலவிடச் சொல்லுங்கள். ஹெல்மெட் எல்லோரும் வாங்குவார்கள். பூட்ஸில்தான் மிச்சம் பிடிப்பார்கள். புதியவர் விழும்போது பெரும்பாலும் வண்டி அவர் கால் மேலேயே சாய்கிறது. கணுக்காலை முழுதாகக் கவ்விப் பிடிக்கும் மோட்டோகிராஸ் பூட்ஸ் அங்கே எலும்பைக் காக்கிறது, ஓடும் ஷூ காக்காது. முழங்கால் காப்பு, மார்புக் காப்பு, கண்ணாடி ஆகியவை அடுத்து வரட்டும். தனியாகப் போகக் கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெண்கள் இதில் ஈடுபட உடல் வலிமை போதுமா? (வாசகி, திருச்சி)

பதில்: போதும். ஸ்பெயினின் லாயா சான்ஸ் பெண்களுக்கான டிரையல்ஸ் உலகப் பட்டத்தைப் பத்து முறைக்கு மேல் வென்றவர். எண்டியூரோவிலும் உலகப் பட்டம் பெற்ற அவர், 2015 டக்காரில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓட்டிய மோட்டார் சைக்கிள் வரிசையில் ஒன்பதாம் இடம் பிடித்தார். சமநிலையில் பழகிய உடல் பாலைவனத்திலும் தாங்குகிறது என்பதற்கு அவரே சான்று. பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா எனப்படும் குறுகிய ராலிகளுக்கான உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் ஒரு முறை உண்டு: வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைகளை மடக்காமல், கால்களின் பலத்தால் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும்.

கேள்வி: மலைக் காடுகளில் நண்பர்களோடு ஓட்டலாமா? (வாசகர், தேனி)

பதில்: கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது சட்டப்படி குற்றம்; எஞ்சின் ஓசை விலங்குகளை விரட்டும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். பயிற்சித் தடங்களுக்குச் செல்லுங்கள், அல்லது தரிசு நிலத்தின் உரிமையாளரிடம் கேட்டு ஓட்டுங்கள். அங்கும் வரப்பிலோ ஏரிக்கரையிலோ வண்டியை ஏற்ற வேண்டாம். ஈர மண்ணில் முள் டயர் உழுத பள்ளத்தில் அடுத்த மழை நீர் இறங்கிக் கரையை அரிக்கத் தொடங்கும்.