பிறையை நிமிர்த்தி வரையச் சொன்னது யார்?

(இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், வடசென்னையில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. எந்நேரமும் படம் வரைவான், அறிவியல் என்றால் ஓடுவான். மொட்டைமாடியில் பார்த்த பிறையை மல்லாந்த மாதிரி வரைந்துகொண்டு போனான். புத்தகத்தில் அப்படி இல்லை என்று பள்ளியில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ஓவியத்தை வைத்து அவனுக்கு அறிவியல் சொல்லித்தர முடியுமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: முதலில் தீர்ப்பு. பையன் வரைந்ததுதான் சரி. நிலாவில் வெளிச்சம் படும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் மறைந்த இடத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே பிறை நிற்கும். சூரியன் கீழே என்றால் பிறையின் வயிறும் கீழ்ப்பக்கம்தானே? அதனால்தான் நம் ஊரில் அது தோணி மாதிரி தெரிகிறது. மாசி, பங்குனியில் கிட்டத்தட்ட மல்லாந்தே கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நன்றாகச் சாய்ந்திருக்கும். புத்தகத்தில் இருப்பது பிறை வளர்வதை விளக்கும் வரைபடம், பெரம்பூர் மாடியிலிருந்து பார்த்து வரைந்தது இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏன் வேறுபடுகிறது என்று அவனிடமே கேளுங்கள். ஒரு பாடம் முடிந்துவிடும்.

1609-ல் கலிலியோ, தொலைநோக்கியில் பார்த்த நிலாவைத் தூரிகையால் தீட்டிவைத்தார். நிலாவின் இருட்டுப் பகுதிக்குள் தனித்தனியாகச் சில புள்ளிகள் மின்னின. அவை வெயில் முதலில் படுகிற மலை உச்சிகள் என்றார். ஒளி, நிழல் பார்த்துப் பழகிய கண் அது.

அடுத்து ஒரு செம்பருத்தியைக் கொடுங்கள். ஒற்றைச் செம்பருத்தியாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருக்கும், குழந்தை குழம்பிவிடும். இதழ் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். ஒரு விளிம்பு பக்கத்து இதழுக்கு மேலே, இன்னொரு விளிம்பு அந்தப் பக்கத்து இதழுக்குக் கீழே, ஐந்தும் இப்படியே சுற்றிவரும். புத்தகம் இதைத் 'திருகு இதழமைவு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். பென்சிலோடு உட்கார்ந்தால் இரண்டாவது இதழிலேயே கை நின்றுவிடும். இது மேலேயா, கீழேயா? நின்ற இடத்தில்தான் கவனிப்பு ஆரம்பம். அப்புறம் நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். கீழே சூல்பையை நீங்களே பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள், ஐந்து அறைகள் தெரியும். எல்லாம் ஐந்தாக வருவதை அவனே சொல்வான், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

ரெக்கார்டு நோட்டில் டிரேஸ் எடுத்து, நிழல் போட்டு, ஸ்கேலால் பாகம் குறிக்கிற கலை வேறு. அதற்கு மார்க் வரும், வரட்டும். பூவைப் பார்க்காமலேயே அதைச் செய்யலாம் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: நான் கோழி வரைந்தால் வாத்தாக வருகிறது. நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: நீங்கள் வரையவே வேண்டாம், கேள்வி கேட்டால் போதும். எறும்பு வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வயிற்றிலிருந்து கால்களை இழுத்துவிடுவார்கள். 'சூப்பர்' என்று சொல்லி முடித்துவிடாமல், கொஞ்சம் சர்க்கரை வைத்து, ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, "கால் எங்கிருந்து கிளம்புதுன்னு பாரு" என்று விடுங்கள். ஆறு காலும் நடுப்பகுதியான மார்பிலிருந்துதான் வரும். பழைய படத்தை அழிக்க விடாதீர்கள். பக்கத்திலேயே புதிதாக வரையட்டும்.

கேள்வி: வண்ணத்தை வைத்து வேதியியல் ஏதாவது? (வாசகி, வேளச்சேரி)

பதில்: ஆரத்தித் தட்டிலேயே இருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், ஏனென்றால் சுண்ணாம்பு காரம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக் கெட்டியான தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் தூரிகையைத் தொட்டு அதில் வரைந்தால் கோடு சிவப்பாக எழும்பும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சள். சங்குப்பூச் சாறு எடுத்தால் இன்னும் வேடிக்கை: எலுமிச்சைக்கு ஊதா, இளஞ்சிவப்பு என்று போகும், காரத்துக்குப் பச்சை. பிள்ளைக்குப் பழைய சட்டை போட்டு உட்காரவையுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.