ஸ்மார்ட்வாட்ச் மக்கர் பண்ணுகிறதா? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் சார்ஜ் ஏறாத கதைதான் அதிகம். அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: வாட்ச் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சார்ஜரில் வைத்தால் சில நேரம் ஏறுகிறது, சில நேரம் ஏறுவதே இல்லை. கேபிளை அழுத்திப் பிடித்தால் ஏறுகிறது. பேட்டரி போய்விட்டதா? (வாசகி, திருப்பூர்)

அழுத்திப் பிடித்தால் ஏறுகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பேட்டரி போயிருந்தால் அழுத்துவதால் ஒரு மாற்றமும் வராது. உங்கள் கோளாறு கேபிள் முனையில் உள்ள உலோகப் பின்னுக்கும் (pin) வாட்சின் பின்பக்கம் உள்ள உலோகப் புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது.

அந்தப் புள்ளிகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பளிச்சென்று தங்க நிறத்தில் இருக்க வேண்டும். மங்கலாகவோ, ஓரத்தில் பச்சை பூத்தோ இருந்தால் அது வியர்வை உப்பின் வேலை. வியர்வை ஈரத்தோடு சார்ஜரில் வைக்கும்போது மின்சாரமும் சேர்ந்துகொள்வதால் அரிப்பு வேகமாக நடக்கும். கேபிளைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, புள்ளிகளையும் பின்களையும் தேய்த்துத் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் உலர விட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். கை கழுவும் சானிட்டைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும். பிளேடு, உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். மேலே இருக்கும் தங்கப் பூச்சு மெல்லியது. அது சுரண்டப்பட்டால் அடியிலிருக்கும் உலோகம் முன்னைவிடச் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

அடுத்து கேபிளின் பின்கள். அவற்றுக்குள் குட்டி ஸ்பிரிங் உண்டு. பல்குச்சியால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளேயே நின்றுவிட்டால் அங்கே அழுக்கு சேர்ந்திருக்கிறது. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பத்துப் பதினைந்து தடவை அமுக்கினால் பெரும்பாலும் விடுபடும். விடுபடாவிட்டால் புதுக் கேபிள்தான். வாங்கும்போது கவனம்: கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் பின்களுக்கு நடுவே 2.84 மி.மீ., 4 மி.மீ. என்று இடைவெளி மாறும். பிளஸ், மைனஸ் பக்கமும் மாடலுக்கு மாடல் மாறலாம். வாட்சையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பதோடு, அதே மாடலுக்கான கேபிள்தானா என்றும் கேட்டு வாங்குங்கள். கேபிள் முனையில் உள்ள காந்தம் வாட்சை விலக்கித் தள்ளினால் திருப்பி வைக்க வேண்டும், அமுக்கி உட்கார வைக்கக் கூடாது.

அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர் போதும். பழைய போன் சார்ஜர் ஒன்று மூலையில் கிடந்தால் அதை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கில் போட்டால் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால் அது கோளாறு இல்லை. வாட்ச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணி பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை தட்டினால் குறைந்த மின்சாரத்துக்கான நிலை வரும். இன்னொன்று: கேபிளைச் செருகியபடியே மேசையில் விடாதீர்கள். அந்தக் காந்தத்தில் ஊக்கோ ஹேர்பின்னோ ஒட்டிக்கொண்டால் இரண்டு பின்னும் ஷார்ட் ஆகும்.

மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த வாட்ச் என்றால் கதை வேறு. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், திரையில் எதுவும் வராது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவைத்துப் பாருங்கள். இனி எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு வையுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் மெசேஜ் காலையில் வருகிறது, மதியத்துக்கு மேல் வருவதில்லை. போனில் வாட்ச் ஆப்பைத் திறந்தால் மறுபடி வர ஆரம்பிக்கிறது. ரீசெட் செய்துவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ரீசெட்டுக்கு அவசரப்படாதீர்கள். போனுக்கு இன்னும் ஏற்றாத நடை, தூக்கக் கணக்கெல்லாம் அதில் அழிந்துபோகும். பிரச்சினை வாட்சிலும் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று உங்கள் போன், வாட்ச் ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடுகிறது. ஆப்பைத் திறந்ததும் உயிர் வருவதே இதற்குச் சாட்சி.

போன் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் வாட்ச் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று வையுங்கள். ரெட்மி, போகோ, விவோ போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்', ஓப்போ, ரியல்மியில் 'ஆட்டோ லாஞ்ச்' என்று ஒரு சுவிட்ச் தனியாக உண்டு. அதையும் போட வேண்டும். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் இருந்தால் எடுத்துவிட்டு 'நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் சேருங்கள். சமீபத்தில் திறந்த ஆப்களை எல்லாம் ஒரே தள்ளில் மூடும் பழக்கம் இருந்தால், வாட்ச் ஆப்புக்கு மட்டும் பூட்டுப் போட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லையா? 'நோட்டிபிகேஷன் ஆக்சஸ்' பக்கத்தில் வாட்ச் ஆப்பின் அனுமதியை ஒருமுறை அணைத்து, மறுபடி போடுங்கள். ஆப் அப்டேட் ஆன பிறகு இந்த அனுமதி பெயருக்கு 'ஆன்' என்று காட்டிவிட்டு வேலை செய்யாமல் இருப்பது உண்டு. வாட்ஸ்அப் வெப் கணினியில் திறந்திருந்தால் போனுக்கே நோட்டிபிகேஷன் வராமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆங்கில மெசேஜ் சரியாகத் தெரிகிறது. தமிழ் மெசேஜ் வந்தால் வெறும் கட்டம் கட்டமாக, இல்லையென்றால் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. (வாசகர், யாழ்ப்பாணம்)

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். கட்டம் வந்தால் வாட்சில் தமிழ் எழுத்துருவே இல்லை. கொம்பு தனியே கிடந்தால் எழுத்துரு இருக்கிறது, எழுத்தைச் சேர்த்துக் கட்டும் மென்பொருள் இல்லை. 'கொ' என்பது போனுக்குள் 'க' என்றும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறி என்றும்தான் பதிவாகிறது. திரையில் அந்தக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போடுவது காட்டும் கருவியின் பொறுப்பு. விலை குறைந்த வாட்சுகளின் சிறிய இயங்குதளங்கள் பலவற்றில் இந்த வேலைக்கு இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

ஆப்பில் பர்ம்வேர் (வாட்சுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்திலேயே வைத்து அப்டேட் செய்யுங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தும் பாருங்கள், சில மாடல்களில் எழுத்துரு அதோடு இறங்கும். இரண்டுக்கும் அசையாவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கூகுளின் வியர் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் வாட்சுகளிலும் ஆப்பிள் வாட்சிலும் இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் மெசேஜ் படிப்பவர்கள் கடையிலேயே தங்கள் போனை இணைத்து, ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பெட்டியில் அச்சடித்திருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: போனைக் காதில் வைத்துப் பேசுகிறேன், எதிர்முனைக் குரல் வாட்சில் ஊருக்கே கேட்கிறது! ப்ளூடூத் பட்டியலில் என் வாட்ச் இரண்டு பெயரில் வேறு இருக்கிறது. (வாசகி, சேலம்)

இரண்டு பெயர் இருப்பதில் தப்பில்லை. ப்ளூடூத் காலிங் வாட்சுகள் பலவற்றில் இரண்டு இணைப்பு உண்டு. நடை, இதயத் துடிப்பு, நோட்டிபிகேஷன் எல்லாம் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஓர் இணைப்பில் போகும். குரலுக்குப் பழைய வகை ப்ளூடூத் இணைப்பு. உங்களுக்குத் தேவை இரண்டாவதை அடக்குவது. ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, 'போன் கால்ஸ்' சுவிட்சை அணைத்துவிடுங்கள். அழைப்பு வரும்போது வாட்ச் அதிரும், குரல் போனிலேயே இருக்கும். எப்போதாவது மட்டும் தொல்லை என்றால், பேசும்போது திரையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுப் போனுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: 5 ஏடிஎம் என்று போட்டிருந்தது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறது. (வாசகர், கொடைக்கானல்)

5 ஏடிஎம் என்பது 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்தைப் புது வாட்ச் பரிசோதனையில் அசையாமல் இருந்து தாங்கியது என்று பொருள். வெந்நீர், நீராவி, சோப்பு ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. சூட்டில் ரப்பர் சீலும் பசையும் இளகும், சோப்பு நீர் சின்ன இடுக்கிலும் நுழையும்.

உடனே வாட்சை அணைத்து, பட்டையைக் கழற்றி, துணியால் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். அதுவரை சார்ஜ் போடக் கூடாது. ஹேர் டிரையரும் வெயிலும் பேட்டரிக்கு ஆகாது. அரிசிக்குள் புதைப்பதில் பலன் குறைவு, தூசுதான் மைக் துளையில் போய் அடையும். அந்தத் துளையை ஊசியால் குத்துவதும் கூடாது, உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும். ஆவி மறைந்தாலும் சீல் போனது போனதுதான். இனி கை கழுவும்போதும் ஜாக்கிரதையாகவே இருங்கள்.

கேள்வி: வேக நடையில் துடிப்பு 118 காட்டுகிறது, மாடிப்படி ஏறினாலும் கிட்டத்தட்ட அதேதான். நம்பலாமா? பிரஷர், சர்க்கரை காட்டும் வாட்ச் பற்றியும் சொல்லுங்கள். (வாசகர், காரைக்குடி)

வேக நடையில் நிமிடத்துக்கு 115, 120 அடி வைப்போம். சென்சார், துடிப்பை விட்டுவிட்டு உங்கள் அடியை எண்ணிக்கொண்டிருக்கலாம். பச்சை விளக்கு தோலில் பட்டுத் திரும்பும் ஒளியில் ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தேடுகிறது. வாட்ச் தளர்வாக ஆடினால் அந்த ஆட்டம்தான் அதற்கு முதலில் தெரியும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டுங்கள். நடக்கும்போது ஒரு துளை இறுக்கம், வந்ததும் தளர்த்துங்கள். பிறகு நின்ற உடனே கழுத்தில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்சோடு ஐந்தாறு வித்தியாசம் என்றால் கவலையில்லை. பச்சை குத்திய இடத்தில் கட்டினால் கணக்கு உதைக்கலாம்.

பிரஷருக்கு மேற்கையில் பட்டை சுற்றும் கருவியை நம்புங்கள். சாம்சங் வாட்சின் பிரஷர் வசதிக்கே 28 நாளுக்கு ஒருமுறை அந்தக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும், மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: டிஸ்ப்ளே ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? (வாசகர், தூத்துக்குடி)

வேண்டவே வேண்டாம். உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கையில் கட்டாதீர்கள். தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடுவதும் தவறு.

கேள்வி: கம்பெனி லோகோவிலேயே நின்றுவிட்டது. (வாசகி, விழுப்புரம்)

சார்ஜரில் வைத்தபடி பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்துங்கள். ஆப்பிள் வாட்சில் பக்கப் பட்டன், திருகு (டிஜிட்டல் கிரௌன்) இரண்டையும் சேர்த்துக் குறைந்தது பத்து விநாடி. கேலக்ஸி வாட்சில் இரண்டு பட்டனும் சேர்த்து, திரை அணைந்து மறுபடி லோகோ வரும்வரை. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பட்டை கட்டிய இடத்தில் அரிக்கிறது. (வாசகர், கோவை)

பெரும்பாலும் அடியில் தங்கும் சோப்பும் வியர்வையும்தான். பட்டையைத் தினமும் தண்ணீரில் அலசித் துடைத்து, கை நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். இரவில் கழற்றி வையுங்கள். கொக்கி படும் இடத்தில் மட்டும் சிவந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், துணிப் பட்டைக்கு மாறுங்கள். வாங்கும்முன் பட்டை பொருந்தும் இடத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 20, 22 மி.மீ. அளவுகள்தான் பரவலாகக் கிடைக்கும்.