ஸ்பானிஷ் மேசை ஏன் பெண்பால்?

கேள்வி: சில வாரங்களாக செல்போனில் ஸ்பானிஷ் படிக்கிறேன். சொற்கள் மனதில் நிற்கின்றன. ஆனால் புத்தகம் ஆண்பாலாம், மேசை பெண்பாலாம். இதற்கு என்ன காரணம்? எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காரணம் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். என்னிடம் படிக்க வருபவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைத்தான் சொல்கிறேன். தமிழில் பொருளைப் பார்த்துப் பால் சொல்லிவிடலாம். மேசையும் மாடும் அஃறிணை, அவ்வளவுதான். ஸ்பானிஷில் பால் சொல்லுக்கு உரியது, பொருளுக்கு அல்ல. 'பெர்சோனா' என்றால் நபர். பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருந்தாலும் 'ஊனா பெர்சோனா' என்று பெண்பாலில்தான் வரும். ஸ்பானிஷின் தாய்மொழியான லத்தீனில் மூன்றாவதாக ஒரு பாலும் இருந்தது. அது வழக்கொழிந்தபோது அந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஆண்பாலில் போய்ச் சேர்ந்துகொண்டன.

சரி, எப்படிப் படிப்பது? 'மேசா' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'லா மேசா' என்றே எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். புத்தகம் 'எல் லிப்ரோ'. ஆண்பாலுக்கு எல், பெண்பாலுக்கு லா. முடிந்தால் கூடவே ஒரு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிவப்புப் புத்தகம் 'எல் லிப்ரோ ரோஹோ', சிவப்பு மேசை 'லா மேசா ரோஹா'. பால் தெரியாவிட்டால் சிவப்பு என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால், ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் கைகொடுக்கும். 'லா கான்சியோன்', 'லா சியுதாத்' போல சியோன், தாத் என்று முடிபவை பெண்பால். விதியை மீறுபவை அன்றாடம் புழங்கும் சொற்களாக இருப்பதுதான் தொல்லை. கை 'லா மானோ', நாள் 'எல் தீயா'. போட்டோவுக்கு 'லா ஃபோத்தோ' என்பார்கள். 'ஃபோத்தோகிராஃபீயா' என்ற பெண்பால் சொல்லின் சுருக்கம் அது. 'எல் ப்ரோப்லேமா', 'எல் சிஸ்தேமா', 'எல் இதியோமா' போல கிரேக்கத்திலிருந்து வந்து 'மா' என்று முடியும் பல சொற்கள் ஆண்பால். அதற்காக 'மா' என்று முடியும் எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிடாதீர்கள்; கட்டில் 'லா காமா'தான்.

தண்ணீரை மட்டும் கவனமாகப் பாருங்கள். 'எல் ஆகுவா' என்று பார்த்ததும் ஆண்பால் என்று குறித்து வைத்திருப்பீர்கள். அது பெண்பால். அழுத்தமான ஆ ஒலியில் தொடங்கும் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஒருமையில், லா என்பது எல் ஆகிவிடும். பன்மையில் 'லாஸ் ஆகுவாஸ்' என்று பழையபடி வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் 'எல் ஆகுவா ஃப்ரீயா', ஃப்ரீயோ அல்ல. உங்கள் நோட்டில் இதை அடைமொழியோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.