டண்டீக்காரர்: கேள்வி பதில்

போன இதழில் 'சக்ஸஷன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதும்போது, அதில் ஊடக முதலாளி லோகன் ராயாக வந்த நடிகர் பிரையன் காக்ஸைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் முழுக்க.

கேள்வி: பிரையன் காக்ஸ் இயற்பியல் பேராசிரியர் ஆயிற்றே? நடிக்க எப்போது போனார்?

பதில்: அவர் வேறு, இவர் வேறு. பிரபஞ்சத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவர் இங்கிலாந்துக்காரர். நான் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர், 1946 ஜூன் 1 அன்று டண்டீ நகரத்தில் பிறந்தவர்.

கேள்வி: 72 வயதில்தான் அவருக்குப் புகழ் வந்ததாமே? அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: நாமெல்லாம் லேட்டாக வந்துவிட்டு, அவர் லேட் என்கிறோம். 'சக்ஸஷன்' 2018 ஜூனில் தொடங்கியபோது அவருக்கு 72 என்பது சரி. ஆனால் அதற்கு 34 வருஷம் முன்பே, 1984இல், லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 'ராட் இன் தி ஸ்கல்' நாடகத்துக்காக, லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியர் வாங்கியவர். வட அயர்லாந்துப் போலீஸ் அதிகாரி வேடம் அது. இன்னொரு ஒலிவியர் 1988இல், ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸாக நடித்ததற்கு.

இந்த டைட்டஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டெபோரா வார்னர் என்ற இளம் இயக்குநர் 1987இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஸ்வான் அரங்கில் ஒரு வரிகூட வெட்டாமல் போட்ட நாடகம். வெட்டுகுத்து அதிகம் என்று பலரும் தொடத் தயங்குகிற நாடகம் வேறு. இரண்டு மகன்களின் உயிரைக் காப்பாற்றலாம் என்று நம்பி டைட்டஸ் தன் கையையே வெட்டிக் கொடுக்கிறான். திரும்பி வருவது மகன்களின் தலைகளும், கூடவே அந்தக் கையும். தம்பிக்காரன் கொதித்துப்போய், ஏன் இப்படிச் சும்மா நிற்கிறாய் என்று கேட்கிறான். அதற்கு டைட்டஸின் பதிலாக ஷேக்ஸ்பியர் எழுதியிருப்பது வெறும் சிரிப்பு. ஹா, ஹா, ஹா. அவ்வளவுதான்.

நான் ஒரு காலத்தில் அமெச்சூர் நாடகக் குழுவில் ஒன்பது வருஷம் ப்ராம்ப்டராக இருந்தவன். திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. நடிகர் வேண்டுமென்றே நிறுத்துகிறாரா, மறந்துபோய் விழிக்கிறாரா என்பதை மூச்சை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்தால் காட்சி பாழ். காக்ஸை நான் பார்ப்பதே இந்தக் காதோடுதான். அவர் நிறுத்துகிற இடங்களில் ப்ராம்ப்டருக்கு வேலையே இல்லை.

கேள்வி: சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர் என்கிறார்களே?

பதில்: ஆமாம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சணலை நூற்றும் நெய்தும் பிழைத்த ஊர் டண்டீ. அம்மா சணல் ஆலையில் நூற்பு வேலை பார்த்தவர், அப்பா கடை வைத்திருந்தவர். பையனுக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்துபோனார். அம்மாவுக்கு மனநிலை குலைந்து மருத்துவமனை, மின்அதிர்ச்சிச் சிகிச்சை என்று போனது. வளர்த்தது அக்காமார்கள். மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடைக்குப் போய், எண்ணெயில் உதிர்ந்து கிடக்கும் மாவுத்துண்டுகளைக் கேட்டு வாங்கித் தின்றதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பதினான்கு பதினைந்து வயதில் டண்டீ ரெப்பர்ட்டரி அரங்கில் (ஒரே குழு நாடகங்களை மாற்றி மாற்றிப் போடுகிற அரங்கு) எடுபிடியாகச் சேர்ந்தார். மேடையைத் துடைப்பது, சொன்னதைச் செய்வது. முதல் நாள் உள்ளே நுழைந்தால் மாடிப்படியில் இரண்டு பேர் கட்டிப்புரண்டு சண்டை. ஓடிப்போயிருக்க வேண்டிய பையன், 'இதுதான் நம் இடம்' என்று நினைத்தானாம். அந்தக் கட்டடம் 1963இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதே வருஷம் இவர் லண்டனில் லாம்டா நடிப்புப் பள்ளிக்குப் போய்விட்டார். 1965இல் திரும்பி வந்து எடின்பரோவின் ராயல் லைசியம் குழுவில் சேர்ந்தார். அப்புறம் பர்மிங்காம், லண்டன்.

கேள்வி: ஹானிபல் லெக்டராக முதலில் நடித்தவர் காக்ஸா, ஆண்டனி ஹாப்கின்ஸா? யார் சிறந்தவர்?

பதில்: மனித மாமிசம் தின்னும் அந்தக் கொலைகார டாக்டராக முதலில் வந்தவர் காக்ஸ்தான். 1986, மைக்கேல் மானின் 'மேன்ஹண்டர்'. படத்தில் இவர் வருவது பத்து நிமிஷத்துக்கும் குறைவு. 'ராட் இன் தி ஸ்கல்' நியூயார்க் போயிருந்தபோது கண்ணில் பட்டு, தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், குரல் போதும் என்று கேமராவுக்கு முதுகைக் காட்டிப் பேசச் சொன்னார்களாம். அந்தக் கொலைகாரனுக்கு அவர் மனதில் வைத்துக்கொண்டது 1958இல் கிளாஸ்கோவில் தூக்கிலிடப்பட்ட பீட்டர் மானுவல் என்கிற நிஜக் கொலையாளியை.

யார் சிறந்தவர் என்றால், ஹாப்கின்ஸ் பயமுறுத்துகிறார், நாம் ரசித்துப் பயப்படுகிறோம். காக்ஸ் வெள்ளை அறையில் படுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சலிப்போடு பேசுகிறார். எனக்கு இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. உங்கள் ஓட்டு வேறாக இருக்கலாம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். காக்ஸின் லெக்டர் திரைக்கு வந்தது 1986 ஆகஸ்டில்; அதே வருஷம் டிசம்பரில் ஹாப்கின்ஸ் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக மேடை ஏறினார். ஹாப்கின்ஸின் லெக்டர் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் 1991 தொடக்கத்தில் திரைக்கு வந்தபோது, அதே நேஷனல் தியேட்டருக்காக லியராக நடித்துக்கொண்டிருந்தவர் காக்ஸ்! அந்த லியர் முதல் காட்சியில் சக்கர நாற்காலியில் விளையாட்டாக வந்து சேர்வான்.

கேள்வி: இவ்வளவு பெரிய மேடை நடிகர் ஏன் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார்?

பதில்: அவர் தெரிந்தே எடுத்த முடிவு. ஐம்பதை நெருங்கும்போது அமெரிக்கா போய், கதாநாயகன் ஆசையை வைத்துக்கொள்ளாமல், கிடைத்த குணச்சித்திர வேடங்களை வாங்கிக்கொண்டார். 1995இல் 'பிரேவ்ஹார்ட்', 'ராப் ராய்' என்று ஸ்காட்லாந்துக் கதைகள் இரண்டிலும் இருக்கிறார். முதலாவதில் சித்தப்பாவாகச் சில நிமிஷங்கள்தான். 'டிராய்' படத்தில் அகமெம்னான், 'எக்ஸ் 2' படத்தில் ஸ்ட்ரைக்கர், பார்ன் படங்களில் சி.ஐ.ஏ. அதிகாரி. 'நியூரம்பெர்க்' தொலைக்காட்சிப் படத்தில் நாஜித் தலைவர் கோயரிங்காக வந்து 2001இல் எம்மி விருது. மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் கேட்கும் அந்தக் கனத்த குரலும் அவருடையதுதான். லியர் மன்னன் பர்கர் விற்கலாமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள், மேலே மாவுத்துண்டு விஷயத்தை இன்னொரு தரம் படிக்கவும்.

கேள்வி: 'சக்ஸஷன்' தொடரில் மகனாக நடித்த ஜெரமி ஸ்ட்ராங்கை இவர் குறை சொன்னது நியாயமா?

பதில்: பாதி நியாயம். பாத்திரத்துக்குள்ளேயே நாள் முழுக்க வாழ்வது ஸ்ட்ராங்கின் வழி. 'கட்' சொன்னதும் கழற்றி மாட்டிவிட்டுப் போவது காக்ஸின் வழி. அந்தப் பிள்ளை தன்னை வருத்திக்கொள்வது கவலையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ரெப்பர்ட்டரியில் வளர்ந்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஒருவர் முறுக்கிக்கொண்டும் மற்றவர் தளர்ந்தும் நின்றதால்தான் அந்த அப்பா மகன் காட்சிகளில் பொறி பறந்தது. ஆகவே காக்ஸ் நன்றி சொல்ல வேண்டிய ஆளைத் திட்டியிருக்கிறார் என்பது என் கட்சி.

கேள்வி: லோகன் ராயும் டண்டீக்காரராக வருகிறாரே, காக்ஸ் கேட்டு வாங்கியதா?

பதில்: கேட்டார், முதலில் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரனாக வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, இல்லை, லோகன் கனடாவில் கியூபெக்கில் பிறந்தவன் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு பகுதி அப்படியே நடித்து முடித்தார். ஒன்பதாவது பகுதியின்போது சக நடிகர் பீட்டர் ஃப்ரீட்மன் வந்து, 'உன் பிறந்த ஊரை மாற்றிவிட்டார்களே' என்கிறார். எந்த ஊர் என்று கேட்டால், டண்டீ! அடுத்த சீசனில் அந்த ஊருக்கே போய்ப் படமெடுத்து, ஒரு பகுதிக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

கேள்வி: அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பதில்: மேடையில், ஒரே ஒரு தடவை. 2024 வசந்தத்தில் லண்டன் போயிருந்தபோது விண்டம்ஸ் அரங்கில் யூஜீன் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'. மனைவியாக பட்ரீஷியா கிளார்க்சன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாடகம். எனக்குக் கிடைத்தது உச்சிப் பால்கனி, முழங்காலை மடக்கவே இடமில்லை.

காக்ஸுக்கு ஜேம்ஸ் டைரோன் வேடம். பணம் கொட்டுகிற ஒரே நாடகத்தில் வருஷக்கணக்காக நடித்துத் தன் திறமையைத் தொலைத்துவிட்ட கிழட்டு நடிகன். பத்து வயதில் வேலைக்குப் போனவன், கஞ்சன். மகனோடு வந்த சண்டையில், எப்படியும் ஏழைகள் விடுதியில்தான் சாகப்போகிறோம் என்று வீம்புக்கு எல்லா பல்பையும் போட்டுவிடுகிறான். அப்புறம் தன் வறுமையையும், வீணாக்கிய வாழ்க்கையையும் மகனிடம் கொட்டித் தீர்க்கிறான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கூடுதலாக எரியும் பல்புகளை அணைத்துவிடட்டுமா என்று மெல்லக் கேட்கிறான்.

அந்தக் கேள்விக்கு முன்னால் காக்ஸ் ஒரு நிறுத்து நிறுத்தினார். பழைய பழக்கத்தில் என் உதடு அசைந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பி முறைத்தார்.