புல்வெளியாளில் புள்ளியை எங்கே எண்ணுவது?

கேள்வி: ஈர மண்ணில் அமர்ந்திருந்த சிறு மஞ்சள் பட்டாம்பூச்சிகளைப் படம் பிடித்தேன். அடிப்புறத்தில் ஒன்றுக்கு மூன்று புள்ளி, இன்னொன்றுக்கு நான்கு, ஒன்றுக்குப் புள்ளியே இல்லை. எல்லாம் ஒரே இனம்தானா?

பதில்: மூன்று இனங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லாம் புல்வெளியாள் எனப்படும் யூரிமா பேரினம்தான். இவை சிறகை மூடித்தான் அமரும். எனவே அடிப்புறத்தைப் பார்த்தே இனம் சொல்ல வேண்டும்.

முன்சிறகில், உடலை ஒட்டித் தொடங்கி நடுப்பகுதி வரை நரம்புகள் சூழ்ந்த நீண்ட அறை ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். அறை முடியும் இடத்தில் அவரை விதை போன்ற பழுப்பு வளையம் தெரியும். அது கணக்கில் வராது. நீங்கள் அதையும் சேர்த்திருந்தால், மூன்று என்றது இரண்டாகும்: யூரிமா ஹெகாபே, அதாவது மஞ்சள் புல்வெளியாள். நான்கு என்றது மூன்றாகும்: யூரிமா பிளாண்டா. அறைக்குள் ஒரே புள்ளி என்றால் யூரிமா ஆண்டர்சோனி. பின்சிறகு முன்சிறகை ஓரளவு மறைப்பதால் உடலை ஒட்டிய புள்ளி ஒளிந்துகொள்ளும். ஒரே பூச்சியைப் பக்கவாட்டில் நாலைந்து படமாவது எடுங்கள்.

புள்ளி இல்லாததற்குச் சிறகின் வடிவம் பாருங்கள். முன்சிறகு நுனி உருண்டிருந்தால் யூரிமா பிரிஜிட்டா. நுனி சதுரமாக வெட்டினாற்போல இருந்து, பின்சிறகின் அடியில் சாய்வான பழுப்புக் கோடுகள் ஓடினால் யூரிமா லேட்டா. வெயிலுக்கு எதிரே பிடித்த படத்தில் மேற்புறக் கறுப்பு விளிம்பு ஊடுருவித் தெரியும். ஹெகாபேயில் அந்த விளிம்பின் உட்பக்கம் நடுவில் வெளிநோக்கிக் குடைந்திருக்கும். பிரிஜிட்டாவில் வழவழப்பான வளைவுதான்.

வறண்ட மாதங்களில்தான் சிக்கல். ஹெகாபேயின் கறுப்பு விளிம்பு மெலிந்து, முன்சிறகு நுனியின் அடியில் பழுப்புத் திட்டு படரும். புதியவர்கள் இதை வேறு இனம் என்றே நினைப்பார்கள். புள்ளிகளும் சில பூச்சிகளில் மங்கிவிடும்.

ஹெகாபேயா பிளாண்டாவா என்று அப்போதும் தெளியவில்லையென்றால் அருகில் சரக்கொன்றை இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே அதில் முட்டையிடும். பிளாண்டா முட்டைகளைக் கொத்தாக வைக்கும், கறுந்தலைப் புழுக்கள் கும்பலாக இலை தின்னும், கூட்டுப்புழுக்களும் ஒரே குச்சியில் நெருக்கமாகத் தொங்கும். ஹெகாபே ஒவ்வொரு முட்டையாகத் தனியே இடும். வளர்ந்த புழுவின் தலை பச்சை. சிறகுப் புள்ளியைவிட நான் நம்புவது இந்தத் தலை நிறத்தைத்தான்.